அஞ்சு வயல், அஞ்சு எழுத்து

தை பிறந்தும் பனி விட்டபாடில்லை. விடியுமுன் சேற்றுக்குள் முதல் காலை வைப்பதுதான் பெரும்பாடு. இரண்டாவது கால் வேறு வழியில்லாமல் பின்னாலேயே வந்துவிடும். பாண்டிசெல்வி சேலையை முழங்காலுக்கு மேலே வரிந்து செருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கினாள். குளிர் உள்ளங்காலில் ஏறிக் கெண்டைக்கால் நரம்பைச் சுருட்டிப் பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். நெல்லின் இலை விளிம்பு முன்கையை அறுத்தது. அறுத்த இடத்தில் பனித்தண்ணீர் பட்டு எரிந்தது. கோரையை வேரோடு பிடுங்கி, சேற்றை அலசி, வரப்பில் எறிந்தாள். மேற்கே மலை நிற்கிற பக்கம் மலையையே காணோம். ராஜபாளையம் பக்கமிருந்து மில் சங்கு மட்டும் பனிக்குள் ஈரத்துணி போலக் கனத்து வந்தது.

"ஏட்டி செல்வி!" பக்கத்து வயலிலிருந்து தங்கபாயின் குரல். ஆள் தெரியவில்லை. "வானத்துல இருந்துல்லா பொண்ணு பாக்க வாராகளாம். பவுடரு கிவுடரு போட்டு நிறுத்துவமா?"

"பொண்ணு நல்லாத்தான் இருக்கா மதினி. வயித்துலதான் ஒண்ணுமில்ல."

"வெள்ளன எந்திரிச்சுப் பேசுத பேச்சா இது?" என்று அதற்கும் அப்பாலிருந்து சுடலைமாடத்தி சத்தம் போட்டாள். பிறகு அவளே சிரித்துவிட்டாள்.

சோழபுரத்துக் கண்மாய்க்குக் கீழே, ரோட்டை ஒட்டி வரிசையாக அஞ்சு வயல். அஞ்சு குடும்பம் குத்தகைக்குப் பயிர் வைத்திருந்தது. முதல் வயல் பாண்டிசெல்வியுடையது. அடுத்தது தங்கபாய். நடுவில் ஐயாதுரை. பிறகு பால்சாமி. கடைசியில் சுடலைமாடத்தி. மார்கழியில் பயிர் பூத்து நின்ற நேரம் பார்த்து அடைமழை பிடித்தது. மழை ஓய்ந்த கையோடு, மலையிலிருந்து இறங்கிய குளிரும் மூடுபனியும் வயல்மேல் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. பூ கருகிப் போயிற்று. கதிர் வந்தது, பால் பிடிக்கவில்லை. மணி பிடித்த கதிர் கனத்தில் தலை சாயும். இந்த அஞ்சு வயலிலும் கதிர்கள் விறைத்து நிமிர்ந்து நின்றன. அத்தனையும் பதர்.

அப்புறம் எதற்கு இந்த வேலை? அதற்கும் காரணம் இருந்தது. பழைய பண்ணைக்காரர் காலத்திலிருந்து அங்கே ஒரு நடைமுறை. விளைச்சல் பொய்த்த வருஷம் நிலத்துக்காரர் வயலுக்கு வருவார். முதலில் வரப்பைச் சுற்றி நடப்பார். களை மண்டி, வரப்பு உடைந்து கிடந்தால் அது குத்தகைக்காரன் குற்றம். முழுக் குத்தகையும் அளக்க வேண்டும். வயல் துப்புரவாக இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்குவார். தனக்குப் பிடித்த இடத்தில் அவர் ஒரு கதிரை உருவுவார். குத்தகைக்காரன் தனக்குப் பிடித்த இடத்தில் ஒன்று உருவுவான். இரண்டையும் உள்ளங்கையில் கசக்கி ஊதுவார்கள். ஊதிய பிறகு கையில் என்ன மிஞ்சுகிறதோ அதை வைத்துத்தான் அந்த வருஷத்துக் குத்தகை. அதற்குக் 'கை பார்க்கிறது' என்று பெயர். கையில் ஒன்றும் மிஞ்சாத வருஷம் குத்தகையும் கிடையாது. அதை யாரும் எழுதி வைத்ததில்லை. யாரும் மீறினதும் இல்லை.

நிலம் கைமாறிவிட்டது. இப்போது அது ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி பேக்டரி வைத்திருக்கிற ரெங்கநாயகத்துடையது. அவர் வாங்கிய பிறகு வந்த முதல் பொய்த்த வருஷம் இது. "ட்ரோன் விட்டு வயல் பாக்க ஆள் வருது. வயல் ஒழுங்கா இருக்கணும். கேவலமா இருந்துச்சு, மொதலாளி சும்மா விட மாட்டாரு" என்று மேனேஜர் விக்னேஷ்வரன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ட்ரோன் வரட்டும், வந்த ஆள் வரப்பைப் பார்த்துவிட்டு எப்படியும் இறங்கிக் கை பார்ப்பான் என்றுதான் அஞ்சு பேரும் நினைத்தார்கள். அதனால் களை பிடுங்கினார்கள். வரப்பை வெட்டிப் பூசினார்கள். மடையைத் திறந்து தண்ணீர் கட்டினார்கள். பழுத்த இலை ஒன்று விடாமல் கிள்ளி எடுத்துக் கூடையில் அள்ளினார்கள். வெயில் ஏறும்போது அஞ்சு வயலும் எண்ணெய் தேய்த்துத் தலை சீவி விட்ட பிள்ளைகள் மாதிரி பச்சைப் பசேலென்று நின்றன.

பிழை அதுதான்.

ட்ரோன் விட வந்தவன் தளவாய்புரத்துக்காரன். ராம்கி என்று பேர். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன், இப்போது ஒரு ட்ரோன் கம்பெனியில் ஏக்கர் கணக்குக்குக் கூலி. ரோட்டோரம் காரை நிறுத்தி, பெட்டியிலிருந்து அதை எடுத்து இறக்கை விரித்து வைத்தான். அது குளவிக்கூடு கலைந்த சத்தத்தோடு எழும்பி, வயலுக்கு மேலே உழவு சால் ஓட்டுவது போல் போவதும் திரும்புவதுமாக இருந்தது. கொக்குகள் எழுந்து பறந்தன. அஞ்சு குடும்பமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றது. தங்கபாய் தன்னை அறியாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

ட்ரோன் இறங்கியதும் பாண்டிசெல்வி முன்னால் போனாள்.

"தம்பி, செருப்பக் கழட்டிப் போட்டுட்டு எறங்கி வாங்க. தண்ணி கால் கரண்டைக்குத்தான் இருக்கு."

"இல்லக்கா. நாங்க வயல்ல காலு வைக்கக் கூடாது. கம்பெனி ரூல்."

"பொறவு எப்படிக் கை பாப்பீக?"

ராம்கி மேனேஜரைப் பார்த்தான். விக்னேஷ்வரன் கார் கதவில் சாய்ந்தபடி சிரித்தான். "கையும் கிடையாது, காலும் கிடையாதும்மா. அதெல்லாம் மலையேறிப் போச்சு. மெஷின் பாத்துச் சொல்லிரும்."

ராம்கி கையிலிருந்த பலகைத் திரையில் அஞ்சு வயலும் அடர்ந்த பச்சையாகத் தெரிந்தன. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முன்னாலேயே நட்டு, மழைக்கு முன்னாலேயே பூத்துத் தப்பித்த வயல் ஒன்று உண்டு. கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. திரையில் அது மஞ்சளும் சிவப்புமாகக் கிடந்தது.

"நம்ம வயலு பச்சையா இருக்கே, நல்லதுதானய்யா?" என்று கேட்டாள் தங்கபாய்.

"நல்லதுதான் அத்தை." ராம்கி திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பச்சைன்னா பயிருக்குப் பாதிப்பு இல்லன்னு ரிப்போர்ட் வரும்."

அது உறைக்கச் செத்த நேரம் ஆயிற்று. முதலில் உறைத்தது ஐயாதுரைக்குத்தான். "பாதிப்பு இல்லன்னு வந்தா நம்ம கதை கந்தலாப் போகும்லவே!" என்றார்.

பால்சாமி வரப்பில் இருந்த கூடையைக் குனிந்து பார்த்தார். அதிகாலையில் அஞ்சு பேரும் கிள்ளிப்போட்ட பழுத்த இலைகள். ஒரு கைப்பிடி அள்ளினார். மறுபடி கூடையிலேயே போட்டார். "ஊர்ல எவனாவது தன் புண்ணைத் தானே பூ வச்சு மறைப்பானா? மறைச்சிருக்கோம்வே."

"தம்பி, ஒரு கதிர மட்டும் கசக்கிப் பாருங்க. நீங்களே பாருங்க" என்றாள் பாண்டிசெல்வி.

"எனக்குத் தெரியும்க்கா." ராம்கி பெட்டியை மூடிக்கொண்டே, மேனேஜருக்குக் கேட்காதபடி சொன்னான். "எங்கப்பாவும் வயல்லதான் கிடக்காரு. நான் படம் புடிக்கிறவன். மேல இருந்து என்ன தெரியுதோ அதத்தான் அனுப்பணும். உள்ள என்ன இருக்குன்னு எழுத அதுல எடமே கிடையாது."

மறுநாள் அஞ்சு பேரும் ராஜபாளையம் போனார்கள். பேக்டரிக்குள் தறிகள் தரையை உதைத்துக்கொண்டிருந்தன. வெளுப்புக் காரத்தின் நெடி மூக்கில் ஏறியது. வெள்ளைத் துணி மலை மலையாகக் குவிந்து கிடந்தது. ஆபீஸ் அறையின் கண்ணாடிக் கதவைச் சாத்தியதும் தறிச் சத்தம் தண்ணீருக்குள் முங்கினது போல ஆயிற்று.

"என்ன, அஞ்சு பேரும் சேந்தே வந்துட்டீங்க?" என்றார் ரெங்கநாயகம்.

"வயலும் அஞ்சும் சேந்துதான மொதலாளி இருக்கு" என்றாள் தங்கபாய்.

அவர் சிரிக்கவில்லை. "ரிப்போர்ட் வந்துருச்சு. பாதிப்பு இல்லன்னு இருக்கு. குத்தகையை முழுசா அளந்துருங்க. அளக்க முடியாதுன்னா தை மாசத்தோட நிலத்தை விட்டுருங்க. நான் யாரையும் வெரட்டல. கணக்காப் பேசுறேன்."

பாண்டிசெல்வி மடியிலிருந்து கதிர்களை எடுத்தாள். கண்ணாடி மேசைமேல் வைத்தாள். அவை சாய்ந்து படுக்கக்கூட இல்லை. கனமில்லாமல் மின்விசிறிக் காற்றில் புரண்டன.

"கையக் காட்டுங்க மொதலாளி. ஒங்க கையாலயே கசக்கி ஊதுங்க. ஒரு மணி மிஞ்சினாலும் சரி, நாங்க முழுசா அளக்கோம்."

ரெங்கநாயகம் இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கப்பாவும் உழுது கிடந்த சம்சாரிதாம்மா. கதிர் நிமிந்து நின்னா உள்ள ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியாதா?"

பாண்டிசெல்விதான் கேட்டாள்.

"தெரிஞ்சுமா?"

"எனக்குத் தெரியுறது எனக்குள்ள. வெளிய செல்லுறது பேப்பர்ல இருக்கிறது. நாளைக்கு நீங்க எங்க போய் நின்னாலும் அந்தப் படம் பேசும். உன் கை பேசாது."

"மழை பெஞ்சது பொய்யா?" என்றார் பால்சாமி.

"மழை பெஞ்சதும் நெசம். வயல் பச்சையா இருக்கதும் நெசம்." மேசைமேல் கிடந்த கதிர்களைத் துடைத்தெடுக்கும்படி மேனேஜருக்குக் கண் காட்டினார். "வெள்ளிக்கிழமை மதுரையில இருந்து பார்ட்டி வருது. பிளாட் போடப் போறேன். அளவெடுக்க மறுபடியும் ட்ரோன் விடுவோம். அன்னைக்கு வயல்ல ஒரு தலை தெரியக் கூடாது. போங்க. ஐயாதுரை, நீ மட்டும் இரு."

கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நான்கு பேரும் காத்திருந்தார்கள். ஐயாதுரை வெளியே வந்தார். அவர்களைப் பார்த்தும் பார்க்காதவர் போல சைக்கிளை எடுத்து மிதித்துப் போய்விட்டார். என்ன நடந்ததென்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. பிளாட் போட்ட பிறகு அந்த இடத்துக்கு அவரை வாட்ச்மேனாகப் போடுகிறாராம். மாதச் சம்பளமாம். ஒதுங்கிக்கொள்ள ஒரு ரூமாம்.

"காக்கிச் சட்டையா, நீலச் சட்டையான்னு கேட்டியாடே?" என்று அவர் வீட்டு வாசலில் நின்று கத்தினாள் தங்கபாய். "தொப்பி உண்டா? விசில் குடுப்பானா?"

பாண்டிசெல்வி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். ஐயாதுரையின் பொண்டாட்டி சிறுநீரகக் கோளாறில் படுத்திருக்கிறாள் என்பது தங்கபாய்க்கும் தெரியும். தெரிந்ததனால்தான் அவ்வளவு கோபம்.

புதன்கிழமை, வாய்க்கால் கரையில் நான்கு பேரும் கஞ்சித் தூக்குவாளிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பால்சாமி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் விவசாயிகள் சங்கத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தார். "மனு குடுப்போம், கூட்டிட்டுப் போய்க் கலெக்டரைப் பாப்போம்னு சொல்லியிருக்காக. செய்வாக. ஆனா நாளாகும். வெள்ளிக்கிழமை பார்ட்டிக்காரன் கை நீட்டி அட்வான்ஸ் குடுத்துட்டான்னா, பொறவு நாம யாரு, எங்கன இருந்து வந்தோம்னு கேப்பான்."

"நாம இருக்கதே அவனுக்குத் தெரியாதே மாமா" என்றாள் பாண்டிசெல்வி. "ஒரு தலை தெரியக் கூடாதுன்னாரே மொதலாளி, அதுக்குத்தான். மேல இருந்து பாத்தா பச்சை. பச்சைக்குள்ள ஆளு இருக்கது தெரியாது."

"அப்ப போய் நிப்போம், தலை தெரிய" என்றார் பால்சாமி.

"நின்னா எறும்பு மாதிரி தெரிவோம். போலீசு வந்து தூக்கிப் போட்டுட்டுப் போவான்." கஞ்சியைக் கீழே வைத்தாள். எதிரே அவளுடைய வயல் நின்றது. பதர் நெல் தலை நிமிர்த்திக் காற்றில் சலசலத்தது. மேல இருந்து என்ன தெரியுதோ அதத்தான் அனுப்பணும் என்று அந்தப் பிள்ளை சொன்னானே. "மேல இருந்து தெரியுற மாதிரி பேசுனா என்ன?"

யாருக்கும் புரியவில்லை.

"வயல்ல எழுதுவோம் மாமா. அருவாளால. நீங்க அந்தக் காலத்துல மில் சுவரெல்லாம் எழுதுன ஆளுதான?"

பால்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்டிரைக் நாட்களில் சுண்ணாம்பு வாளியும் மட்டைத் தூரிகையுமாக விடிய விடியச் சுவரெழுத்து எழுதிய கை அது. அந்தக் கை இப்போது தானாக அசைந்தது. "உழுபவனுக்கே நிலம் சொந்தம்! அதான் எழுதணும்."

"அம்புட்டுக்கு வயலு ஏதுய்யா?" என்றாள் தங்கபாய். "இருக்கது அஞ்சு வயலு. வயலுக்கு ஒரு எழுத்து, அம்புட்டுதான். சுருக்கமாச் சொல்லும்."

ஆளுக்கொன்று சொல்லிப் பார்த்தார்கள். ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஒன்று கெட்ட வார்த்தை. அது தங்கபாய் சொன்னது. கடைசியில் பாண்டிசெல்வி, அன்று ராம்கியிடம் சொன்னதையே சொன்னாள்.

"எறங்கி வான்னு எழுதுவோம். நாம கேக்கது அது ஒண்ணுதான். எறங்கி வந்து கை பாரு."

பால்சாமி விரல் விட்டுப் பார்த்தார். "இ, ற, ங், கி, வா. அஞ்சு! கச்சிதமா இருக்கு."

"வான்னா? மட்டு மரியாதை இல்லாமயா? மதுரைக்காரவுகல்லாம் வாராகளே" என்று தயங்கினாள் சுடலைமாடத்தி. "வாங்கன்னு போடக் கூடாதா?"

"மரியாதைக்கு இன்னும் ரெண்டு வயலு வேணும். நீ கொண்டாந்து குடு, போடுவோம்" என்றாள் தங்கபாய்.

அத்தனை நாள் கழித்து நான்கு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அது தோன்றியது. நடு வயல் ஐயாதுரையுடையது.

"ஆளத் தேடுவானேன். அவன் வயல்லயும் நாமளே அறுத்துருவோம்" என்றாள் தங்கபாய்.

"இல்ல மதினி" என்றாள் பாண்டிசெல்வி. "அவரு வயல்ல அவரு கைதான் படணும். நம்ம வயல்ல நம்மளக் கேக்காம ஒருத்தர் ரிப்போர்ட் எழுதுனாரு. நாமளும் அதையே செய்யவா? நான் போய்ச் சொல்லுதேன். வாரதும் வராததும் அவர் பாடு."

போய்ச் சொன்னாள். ஐயாதுரை கயிற்றுக்கட்டிலில் பொண்டாட்டியின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டார். "நீங்க பண்ணுங்க தாயி" என்றார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலைக் கருக்கல். பனி, கை விரித்த ஒரு பாகத் தூரத்துக்கு அப்பால் ஒன்றுமில்லை என்கிற மாதிரி மூடியிருந்தது. இன்றைக்கு மட்டும் அது அவர்களுக்கு உதவி. பால்சாமி முளைக்குச்சி அடித்துக் கயிறு பிடித்தார். இவ்வளவு பெரிய எழுத்தை அவர் எந்தச் சுவரிலும் எழுதினதில்லை. வரப்பில் ஓடி வந்து பார்ப்பார். மறுபடி ஓடிப்போய் முளையைப் பிடுங்கி மாற்றி அடிப்பார். கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆள் படுத்துப் புரளுகிற அகலத்துக்கு அறுக்க வேண்டும்.

நெல்லாக வீட்டுக்கு வராத பயிரில் அருவாள் வைக்கச் சுடலைமாடத்திக்கு மனசு ஒப்பவில்லை. வயல் மூலையில் ஒரு கை மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு, "பதரத்தான் அறுக்கேன், கோவிச்சுக்காத" என்று பயிரிடமே சொன்னாள். இந்தப் பயிரில் அவர்களுக்கு மிஞ்சுவது மாட்டுக்கு வைக்கோல் ஒன்றுதான். அதிலும் ஒரு பங்கு இன்றைக்குப் போகிறது. அது எல்லோருக்கும் தெரியும்.

பாண்டிசெல்வி 'இ'யின் சுழியில் நின்றாள். முப்பது வயதில், கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு, பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவள். அப்போதும் இந்த 'இ'தான் அவளுக்கு மல்லுக்கு நின்றது. சிலேட்டில் ஒரு நாளும் சரியாக வராத சுழி. இப்போது அதற்குள்ளேயே நின்று குனிந்து அறுத்தாள். இடது கையில் ஒரு பிடி, வலது கையில் ஒரு இழுப்பு, கரகரவென்று ஒரு சத்தம். இடுப்பு கழன்று விழுவது போல வலித்தது. வயல் தண்ணீர் குளிர்ந்தது. முதுகில் வியர்வை கொதித்தது. அறுத்த பிடியை ஒதுக்கி வைத்துவிட்டு நிமிராமலே நகர்ந்தாள். மடையைத் திறந்துவிட்டதால், அறுத்த இடமெல்லாம் தண்ணீர் ஏறி நின்றது. பனிக்குப் பின்னால் வெளுத்து வந்த வானம் அந்தத் தண்ணீரில் பட்டு, எழுத்து எழுத்தாகப் பளபளத்தது.

வெயில் தலைகாட்டும்போது நான்கு வயலிலும் வேலை முடிந்துவிட்டது. நடு வயல் அப்படியே பச்சையாக நின்றது. எழுத்துகள் இரண்டும் இரண்டுமாகப் பிரிந்து கிடந்தன. பால்சாமி தன் சுவரெழுத்தில் யாரோ சாணி அடித்ததைப் பார்ப்பதுபோல அந்த வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரப்பில் சைக்கிள் சத்தம் கேட்டது. ஐயாதுரை. கேரியரில் அருவாள். இறங்கி ஸ்டாண்டு போட்டார். யாரையும் பார்க்காமல் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"வாட்ச்மேன் அய்யா வந்துட்டாகளா?" தங்கபாயால் சும்மா இருக்க முடியவில்லை. "எங்களப் புடிச்சுக் குடுக்கவா?"

"அதுதான் வேலையாம் தங்கம்." ஐயாதுரை அருவாளின் முனையைக் கட்டைவிரலில் தடவிப் பார்த்தார். "என்ன வேலைன்னு நேத்துத் தெளிவாக் கேட்டேன். ஒங்க நாலு பேரையும் உள்ள விடாம இருக்கதுதான் வேலைன்னான் மேனேஜர். வீட்டுக்கு வந்து அவகிட்டச் சொன்னேன். படுத்த படுக்கையில கிடந்துக்கிட்டு என்னைப் பாத்துக் கேக்கா: 'பாண்டிசெல்வி கஞ்சி கொண்டாந்தாலும் கேட்டுக்கு வெளியதான் நிக்கணுமா'ன்னு." அருவாளைக் கையில் மாற்றிப் பிடித்தார். "எங்கன அறுக்கணும் பால்சாமி? கயித்தப் போடும்வே."

கேலி பேசிய வாய்தான் முதலில் சேற்றுக்குள் குதித்தது. தங்கபாய், பாண்டிசெல்வி, சுடலைமாடத்தி என எல்லோரும் அவர் வயலுக்குள் இறங்கினார்கள். ஆனால் முதல் பிடியை ஐயாதுரைதான் அறுத்தார். கார்கள் ரோட்டில் திரும்புகிற சத்தம் கேட்டபோது 'ங' முடிந்திருந்தது. அவர் ஒருவர் மட்டும் வயலின் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்து, தன்னைச் சுற்றி வட்டமாக அறுத்துப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கார். முதல் காரில் ரெங்கநாயகமும் மதுரைக்காரர்கள் மூவரும். இரண்டாவதில் விக்னேஷ்வரனும் ராம்கியும். பனி கலைந்துகொண்டிருந்தது. ரோட்டு மட்டத்திலிருந்து பார்த்தால் பயிருக்குள் அங்கங்கே வெட்டுப்பட்டது போலத்தான் தெரியும். அஞ்சு வயலில் அஞ்சு பேர் நின்றார்கள்.

"ஒரு தலை தெரியக் கூடாதுன்னு சொன்னேன்ல!" என்று இரைந்தார் ரெங்கநாயகம். பிறகு விருந்தாளிகளிடம் திரும்பி, "கூலியாளுக. நீங்க படத்தைப் பாருங்க" என்றார்.

ட்ரோன் எழும்பியது. மதுரைக்காரர்கள் மூவரும் ராம்கியின் திரைமேல் குனிந்தார்கள். ராம்கியின் விரல் சட்டென்று நின்றது. வயலுக்கு மேலே ட்ரோனும் நின்றது. பச்சைக்குள் வானத்து வெளிச்சத்தில் எழுதினது போல, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் அந்த எழுத்துகள்.

அவர்களில் வயதானவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். "இறங்கி... வா." கண்ணாடியைக் கழற்றி ரெங்கநாயகத்தைப் பார்த்தார். "யாரைக் கூப்பிடுறாங்க?"

"பயிர் வைக்கிறவுக இருக்காகய்யா இங்க!" வயலிலிருந்து பாண்டிசெல்வி குரல் கொடுத்தாள். "குத்தகைக்காரவுக. பயிர் பதராப் போச்சு. எறங்கி வந்து பாத்துட்டு, பொறவு நெலத்தை வெலை பேசுங்க."

"நிலத்துல வில்லங்கம் இல்லன்னீங்களே?" என்றார் மதுரைக்காரர்.

"ராம்கி, அதைக் கீழ இறக்கு! எடுத்ததை அழி!" விக்னேஷ்வரன் திரையைப் பிடுங்கப் பார்த்தான்.

ராம்கி திரையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டான். "மேல இருந்து என்ன தெரியுதோ அத அனுப்பணும்ங்கதுதான் சார் என் வேலை. அனுப்பிட்டேன்." ட்ரோனைப் பதற்றமில்லாமல் ரோட்டில் இறக்கினான். பிறகு குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

"டேய், வயல்ல காலை வச்ச, இன்னையோட வேலை போயிரும்!"

"தெரியும் சார்."

அந்த நேரம்தான் ரெங்கநாயகத்தின் பேக்டரி வேன் அந்த வழியாக வந்தது. நைட் ஷிப்ட் முடிந்த பெண்களை ஊர் ஊராக இறக்கிவிட்டுப் போகிற வேன். ஜன்னலோரம் தூங்கி விழுந்துகொண்டிருந்த தங்கபாயின் மகள் ஜாஸ்மின், முதலாளியின் காரையும், வயலுக்குள் அருவாளோடு நிற்கிற அம்மாவையும் ஒருசேரப் பார்த்துவிட்டாள். வேனைக் கையால் தட்டி நிறுத்தினாள்.

"என்னம்மா?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"கை பாக்கச் சொல்லுதோம், வர மாட்டேங்காரு!" என்று கத்தினாள் தங்கபாய்.

வேனுக்குள் இருந்தவர்களில் பாதிப் பேர் சம்சாரி வீட்டுப் பிள்ளைகள். கை பார்க்கிறதென்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஜாஸ்மின் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. வேன் டிரைவர், "மொதலாளி நிக்காருட்டி!" என்று பல்லைக் கடித்தான். "நிக்கட்டும். நாங்களும் நிக்கோம்" என்றபடி எல்லோரும் இறங்கினார்கள். தலைமுடியில் பஞ்சு, கண்ணில் தூக்கம். செருப்புகளை ரோட்டோரம் கழற்றிப் போட்டுவிட்டு வரப்பில் வரிசையாக ஏறினார்கள். அந்தக் குளிரில் முதல் காலைச் சேற்றுக்குள் வைத்தபோது ஜாஸ்மின் "அய்யோ" என்றாள். பின்னால் வந்தவள் சிரித்தாள். வேண்டிய ஆள் இன்னும் ரோட்டில்தான் நின்றார். கூப்பிடாத ஆட்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

மதுரைக்காரர்கள் காரில் போய் உட்கார்ந்தார்கள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"எல்லாரையும் வேலையை விட்டுத் தூக்கிருவேன்" என்றார் ரெங்கநாயகம். சத்தம் பெரிதாகத்தான் வந்தது. ஆனால் அதை எந்த முகத்தைப் பார்த்துச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அத்தனை முகங்கள் இருந்தன.

"தூக்குங்க மொதலாளி. அதுக்கு முந்தி செருப்பக் கழட்டுங்க" என்றாள் பாண்டிசெல்வி.

ராம்கி வரப்பைத் தாண்டி அவள் வயலுக்குள் வந்துவிட்டிருந்தான். தனக்குப் பிடித்த இடத்தில் ஒரு கதிரை உருவினான். ஐயாதுரை தன் வயலில் ஒன்றை உருவினார். பால்சாமி, சுடலைமாடத்தி, தங்கபாய், வேனிலிருந்து வந்த பெண்கள் என ஆளுக்கொரு கதிர். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பதர் நொறுங்குகிற சத்தம், வயல் முழுக்கப் பூச்சிக் கூட்டம் இரைவது போல எழுந்தது.

எல்லோரும் ஊதினார்கள். உமி பறந்து வெயிலில் மினுங்கியது.

பிறகு அத்தனை பேரும் ரோட்டைப் பார்த்து வெறுங்கையை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ரெங்கநாயகம் அசையவில்லை. அவர்களும் அசையவில்லை. சேறு அவர்கள் கால்களை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"சாயங்காலம் ஆனாலும் சரி மொதலாளி" என்றாள் பாண்டிசெல்வி. "நாங்க இங்கனதான் இருக்கோம்."